பழைய தமிழ் நூல்களை இணையத்தில் தேடிக் கண்டடைவது எப்படி?

தமிழ் நூல் ஒன்றை இணையத்தில் தேடுபவர்களுள் பெரும்பாலோர் அதன் பெயரைத் தேடுபொறியில் தட்டி, முதல் பக்கத்தில் வரும் முடிவுகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, நூல் கிடைக்கவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அதே நூல் ஏதோ ஒரு மின்னூலகத்தில், வேறோர் எழுத்துக்கூட்டலில், யாரும் திறந்து பார்க்காத கோப்பாகக் கிடக்கக்கூடும். நூலகர்கள் பரிந்துரைக்கும் இணையக் கருவிகளில் பெரும்பாலானவை விலையில்லாதவை, எவரும் பயன்படுத்தக்கூடியவை. ஆனால் அவற்றின் பெயர்ப் பட்டியலை மட்டும் கையில் வைத்திருப்பதால் பெரிய பயன் இல்லை. நூலைப் பட்டியலில் பதிந்தவர் அதற்கு எந்தப் பெயரை, எந்த எழுத்தில், எப்படிப் பிரித்து எழுதியிருப்பார் என்று ஊகித்துத் தேடும் பழக்கம் வந்துவிட்டால், எந்தக் கருவியும் வேலை செய்யும்.

இதை விளக்க ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த அபிதான சிந்தாமணி என்ற தமிழ்க் கலைக்களஞ்சியம் 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1934இல் வெளியானது. பின்னர் மறுபதிப்புகளும் வந்திருக்கின்றன. பெயர் தெரிந்த நூல், ஆசிரியர் தெரிந்த நூல், காப்புரிமை முடிந்த நூல் என்ற நிலையிலும் இதைத் தேடுபவர் தடுக்கி விழ நான்கைந்து இடங்கள் உண்டு.

முதலில் பட்டியல், பிறகு படி

நூலகரிடம் ஒரு நூலைக் கேட்டால் அவர் உடனே படியைத் தேடப் போவதில்லை; முதலில் அந்த நூலைப் பற்றிய சரியான விவரத்தை உறுதி செய்துகொள்வார். முழுத் தலைப்பு, ஆசிரியர் பெயரின் முதலெழுத்துகள், பதிப்பகம், ஊர், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு என்பவை தெரியாமல் தேடினால், கிடைத்த கோப்பு நமக்கு வேண்டிய நூல்தானா என்று சொல்லவே முடியாது. அபிதான சிந்தாமணியின் 1910ஆம் ஆண்டுப் பதிப்பில் இல்லாத ஒரு செய்தியை 1934ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டு, முதற்பதிப்பை மேற்கோள் காட்டினால் அது பிழை.

இந்த விவரங்களைச் சரிபார்க்க மிகப் பரந்த கருவி, உலக நூலகங்களின் பட்டியல்களை ஒன்றிணைத்துத் தரும் வேர்ல்ட்கேட். எந்த நூலின் எந்தப் பதிப்பு எந்த நாட்டின் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று அது காட்டும். தமிழ் நூல்களுக்கு அமெரிக்க நூலகங்களின் பட்டியலைப் பார்ப்பது விந்தையாகத் தோன்றலாம். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கா இந்தியாவுக்கு அனுப்பிய கோதுமைக்கு உரிய தொகை ரூபாயாகவே இந்தியாவில் சேர்ந்திருந்தபோது, அதில் ஒரு பகுதியைக் கொண்டு இந்திய மொழி நூல்களை வாங்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. 1962இல் புது தில்லியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் திறந்த அலுவலகம் இந்த வேலையைச் செய்தது. அதனால் சிகாகோ உள்ளிட்ட பல்கலைக்கழக நூலகங்களில், நம் ஊர்க் கிளை நூலகத்திலிருந்து எப்போதோ கழித்துவிடப்பட்ட சிறு பதிப்பக நூல்கள்கூடப் பத்திரமாகப் பதிவாகி இருக்கின்றன.

தமிழ்நாட்டுக்குள் பார்ப்பதென்றால் இரண்டு இடங்கள் முக்கியமானவை. சென்னையில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம், 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படியைப் பெறும் உரிமையுள்ள நான்கு நூலகங்களில் ஒன்று. மற்றொன்று, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த நூல்களையும் இதழ்களையும் அடித்தளமாகக் கொண்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், சந்தைகளில் மலிவாக விற்ற குஜிலி வெளியீடு போன்ற, பல்கலைக்கழகங்கள் ஒருகாலத்தில் பொருட்படுத்தாத அச்சுப் பொருள்களுக்கு இந்த இரண்டாவது நூலகத்தின் இணையப் பட்டியலையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

எழுத்துக்கூட்டல்: தேடல் தோற்கும் இடம்

வெளிநாட்டு நூலகப் பட்டியல்கள் தமிழ்த் தலைப்புகளை நெடுங்காலமாக ஆங்கில எழுத்தில் பெயர்த்தே பதிந்து வந்திருக்கின்றன. அந்த ஒலிபெயர்ப்பு நாம் அன்றாடம் பெயர்ப்பலகையிலும் குறுஞ்செய்தியிலும் எழுதுவது போன்றதன்று. அது நம் காதுக்குக் கேட்கும் ஒலியைப் பொருட்படுத்துவதில்லை. எழுத்துக்கு எழுத்து நேராக மாற்றுகிறது. க எங்கு வந்தாலும் கே என்ற எழுத்துத்தான், ஜி வராது. ச எங்கு வந்தாலும் சினிமாவுக்கு எழுதும் முதலெழுத்து; எஸ் வராது, எச் சேர்வதும் இல்லை. ட, த இரண்டுக்கும் டீக்கு எழுதும் எழுத்து. டாக்டருக்கு எழுதும் எழுத்து வராது. ப என்றால் பேப்பருக்கு எழுதும் எழுத்து. பஸ்ஸுக்கு எழுதுவது வராது. ழகரத்துக்கு எல் எழுத்தின் அடியில் ஒரு கோடு இடுவார்கள். நாம் பழகிய இசட், எச் இரட்டை அங்கே கிடையாது. நெடில்களுக்கு உயிரெழுத்தின் மேல் கோடு வரும். ஒரே எழுத்தை இரட்டிப்பது இல்லை.

ஆகவே கந்தசாமி என்ற பெயரைத் தேடுபவர் கே, ஏ, என், டீயின் எழுத்து, ஏ, சி, ஏ, எம், ஐ என்று தட்ட வேண்டும். பாரதியும் பாலசுப்பிரமணியமும் பேப்பரின் முதலெழுத்தில் தொடங்குவார்கள். அபிதான சிந்தாமணி என்பதை ஏ, பேப்பரின் எழுத்து, ஐ, டீயின் எழுத்து என்று தொடங்கி எழுதினால் பட்டியலில் வந்து நிற்கும். வடமொழி உச்சரிப்பை ஒட்டி எச் சேர்த்து எழுதினால் பல பட்டியல்களில் வராது. மேல்கோடு, அடிக்கோடு, புள்ளி போன்ற குறிகளைத் தட்டத் தேவையில்லை. வெற்று எழுத்துகளை இட்டாலே பெரும்பாலான பட்டியல்கள் புரிந்துகொள்ளும். ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகள் மட்டும் அவற்றுக்குரிய தனி எழுத்துகளைப் பெறுகின்றன. இதனால் ஆசிரியர் தம் பெயரை ஸ போட்டு எழுதினாரா, ச போட்டு எழுதினாரா என்பது தேடலின் முடிவையே மாற்றிவிடும்.

பெயர்பெற்ற ஆசிரியர்கள் விஷயத்தில் பட்டியல்கள் ஒரு வடிவத்தைத் தரப்பெயராக வைத்துக்கொண்டு, ஏனைய வடிவங்களை அதனோடு இணைத்து வைத்திருக்கும். பல நாட்டுத் தேசிய நூலகங்களின் இத்தகைய பெயர்க் கோப்புகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் விஐஏஎஃப் என்ற தளத்தில் ஆசிரியரின் பெயரை ஒருமுறை தேடினால், அவர் எந்தெந்த எழுத்துக்கூட்டலில் எங்கெங்கே பதிவாகியிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். புனைபெயரில் எழுதியவர்களுக்கு இது இன்னும் பயன்படும்.

ஆங்கில எழுத்தில் மட்டும்தான் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். தமிழ் எழுத்திலேயே தேடும்போது நேரும் சிக்கல்கள் கண்ணுக்குப் புலப்படாதவை என்பதால் இன்னும் மோசமானவை. ஔவையார் என்று சரியாகத் தட்டுபவருக்கு, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு எழுதிய ஒளவையார் கிடைக்க மாட்டார். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கௌரி என்பதும் கெளரி என்பதும் இதே கதை. ஸ்ரீ என்ற எழுத்துக்கு ஒருங்குறியில் (யூனிகோடு) இரண்டு வகைக் கட்டமைப்பு புழக்கத்தில் இருக்கிறது. ஒன்றில் தட்டினால் மற்றொன்று அகப்படாமல் போகலாம். எனவே இத்தகைய எழுத்து வரும் பெயர்களை இரு வடிவிலும் தேடிப் பார்ப்பதுதான் வழி. அல்லது அந்த எழுத்து வராத சொல் ஒன்றைத் தலைப்பிலிருந்து எடுத்துத் தேட வேண்டும்.

புணர்ச்சியும் சொற்பிரிப்பும் அடுத்த தடை. தமிழிலக்கிய வரலாறு என்று அச்சானதைத் தமிழ் இலக்கிய வரலாறு என்று பதிந்திருப்பார்கள். அபிதானசிந்தாமணி என்று சேர்த்தும் எழுதியிருப்பார்கள், பிரித்தும் எழுதியிருப்பார்கள். தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடும்போது சேர்த்து ஒருமுறை, பிரித்து ஒருமுறை, வல்லினம் மிக்கும் மிகாமலும் ஒருமுறை பார்ப்பது அவசியம். நூலின் உள்ளே சொல்தேடும் வசதி இருந்தால், வேற்றுமை ஏற்கும்போது சொல்லின் வடிவம் மாறுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நூலகம் என்று தேடினால் நூலகத்தில், நூலகத்தின் என்பன வரமாட்டா. நூலகத் என்ற அளவோடு நிறுத்தித் தேடினால் பல தளங்களில் அவை கிடைக்கும்.

பழைய முகப்பேடுகளில் ஆங்கில ஆண்டே இல்லாமல் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருப்பதுண்டு. விகிர்தி என்று போட்டிருந்தால் அது 1890-91 ஆகவும் இருக்கலாம், 1950-51 ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் எது என்பதை அச்சகத்தின் பெயர், காகிதம், விலை ஆகியவற்றைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31ஐக் கழிக்க வேண்டும். சாலிவாகன சகாப்தம் என்றால் 78ஐக் கூட்ட வேண்டும். கலியாண்டு என்றால் 3101ஐக் கழிக்க வேண்டும். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால், தை முதல் பங்குனி வரை வெளிவந்த இதழ்களுக்கு ஓராண்டு கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

எந்த மின்னூலகம் எதற்கு

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் தமிழ்நாட்டு நூல்களுக்கு முதல் நிறுத்தம். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் 2001இல் தொடங்கிய இந்த அரசு நிறுவனம், பழைய அச்சு நூல்கள், இதழ்கள், ஓலைச்சுவடிகள் முதலியவற்றை வருடி (ஸ்கேன் செய்து) வெளியிட்டிருக்கிறது. சங்க இலக்கியம், காப்பியம், பக்தி இலக்கியம் ஆகியவற்றை உரைகளோடு தட்டச்சு வடிவில் தரும் பகுதியும் அதே நிறுவனத்தின் தளத்தில் தனியே உண்டு. பாடல் முதற்குறிப்பு தெரிந்தால் நேரே அங்கே போவது நல்லது.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலை ஒட்டித் தொடங்கியது; உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. அங்கு இருப்பவை பெரும்பாலும் நூலின் படங்கள் அல்ல, தட்டச்சு செய்து மெய்ப்பு பார்த்த பாடங்கள். சொல்தேடலுக்கும் ஆய்வுக் கணக்கெடுப்புக்கும் இவை மிகவும் வசதியானவை. எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்யப்பட்டது என்ற குறிப்பைக் கோப்பின் தலைப்பகுதியில் தேடிப் படித்துவிட்டுப் பயன்படுத்துவது முறை. அச்சு நூலின் பக்க எண் பெரும்பாலும் இராது என்பதால், மேற்கோள் காட்டப் படவடிவப் படியையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும்.

ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் என்ற தளத்துக்கு இணையானது இல்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த ஒரு சமூகம், 2005இல் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கியது அது. விக்கி மென்பொருளில் அமைந்திருப்பதால் ஒவ்வொரு நூலுக்கும் இதழுக்கும் தனிப்பக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தளங்கள் பின்பற்றத்தக்க ஒரு வசதி அங்கே உண்டு: பல இதழ்களின் பக்கத்தில் அவ்விதழின் உள்ளடக்கமும் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. இதனால் கட்டுரைத் தலைப்பு மட்டும் தெரிந்தாலே போதும். பொதுத் தேடுபொறி வழியாகவே அந்த இதழைப் பிடித்துவிடலாம். கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், நினைவு மலர் போன்றவை நூலகப் பட்டியல்களில் அரிதாகவே ஏறும். ஊர் வரலாறு எழுதுபவர்கள் அவற்றை இங்கே தேட வேண்டும். ஒலிப்பதிவு, ஒளிப்படம், கடிதம் போன்றவற்றுக்கு அதே அமைப்பு ஆவணகம் என்ற தளத்தைத் தனியே நடத்துகிறது.

சிங்கப்பூர், மலாயா தொடர்பான தேடல் என்றால் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் இருக்கின்றன. சிலவற்றை நூலகக் கட்டடத்துக்குள் மட்டுமே திறக்க முடியும்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச மின்னூலகம் ஒரு பெருங்காடு. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்திய மின்னூலகத் திட்டத்தில் முன்பு வருடப்பட்ட நூல்களின் பெருந்தொகுதி அங்கே ஏற்றப்பட்டிருக்கிறது. அதில் தமிழ் நூல்களும் ஏராளம். அவற்றின் தலைப்புகளைப் பதிந்தவர்கள் எந்த ஒலிபெயர்ப்பு முறையையும் பின்பற்றவில்லை. ஒரே நூல் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று முறை இருக்கும். ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பகத்தின் பெயர் இருக்கும். ஆண்டு தவறாக இருக்கும். ஆகவே அங்கே ஆண்டைக் கொண்டு வடிகட்டாமல், மொழி தமிழ் என்று மட்டும் வடிகட்டிவிட்டு, தலைப்பின் ஒரு சொல்லை, அதுவும் எழுத்துக்கூட்டல் குழப்பம் குறைந்த சொல்லை, பல விதமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அபிதான சிந்தாமணிக்குச் சிந்தாமணியை எஸ்ஸில் தொடங்கியும், சி, எச் என்று தொடங்கியும், வெறும் சியில் தொடங்கியும் தேடுவது நல்லது. மணி என்ற முடிவில் குழப்பமில்லை என்றாலும் அதைத் தனியே தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். கோப்பு கிடைத்ததும் முகப்பேட்டைத் திறந்து பதிப்பையும் ஆண்டையும் நேரில் பார்க்க வேண்டும். நடுவில் பக்கங்கள் விடுபட்டிருக்கின்றனவா, கடைசிப் பக்கம் உண்டா என்று புரட்டிவிட்டுத்தான் பதிவிறக்க வேண்டும்.

ஹாத்தி டிரஸ்ட், 2008இல் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து உருவாக்கிய மின்னூலகம். அதன் பதிவுகள் பயிற்சிபெற்ற நூலகர்களால் செய்யப்பட்டவை. முன்பு சொன்ன எழுத்துக்கு எழுத்து முறையை அங்கே அப்படியே பயன்படுத்தலாம். அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முழுமையாகத் திறக்கும் நூல்கள் குறைவுதான். திறக்காத நூலிலும் உள்ளே ஒரு சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் தேடல் வசதி உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பக்க எண் தெரிந்தால் அச்சுப் படி இருக்கும் நூலகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் கேட்கலாம்.

பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தில், தமிழின் ஆரம்பகால அச்சு நூல்களும் இதழ்களும், தமிழ்நாட்டு வேளாண் வரலாற்று ஆவணங்களும் வருடப்பட்டிருக்கின்றன. இந்தியத் தேசிய மின்னூலகம், காரக்பூர் ஐஐடியின் பொறுப்பில் இயங்குவது. அது பெரும்பாலும் பிற தளங்களில் இருப்பவற்றைச் சுட்டிக்காட்டுவதால், அங்கே தேடிவிட்டு மூலத் தளத்துக்குப் போவதே நடக்கும்.

ஆய்வேடுகளும் கட்டுரைகளும்

ஒரு பொருளைப் பற்றி என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்றே தெரியாத நிலையில், நூலகர்கள் சொல்லும் குறுக்குவழி சோத்கங்கா. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் இந்தத் தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இயல் இயலாகக் கிடைக்கின்றன; தமிழில் எழுதப்பட்டவையும் நிறைய. ஆய்வேட்டின் தரம் எப்படி இருந்தாலும், அதன் இறுதியில் உள்ள துணைநூற்பட்டியல் பயன்படும் என்பதால், அந்தக் கோப்பை முதலில் இறக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். தமிழ் ஆய்வேடுகளின் தலைப்புகள் சில தமிழ் எழுத்திலும் சில ஆங்கில எழுத்திலும் பதிவாகியிருப்பதால் இரு வகையிலும் தேட வேண்டும்.

கட்டணத் தடையுள்ள ஆங்கிலக் கட்டுரைகளுக்குப் பணம் கட்டுவதற்கு முன் மூன்று வழிகளைப் பார்க்கலாம். அன்பேவால் என்ற உலாவி நீட்சியை நிறுவிக்கொண்டால், அதே கட்டுரையின் சட்டபூர்வமான இலவசப் படி வேறெங்கேனும் இருந்தால் காட்டிவிடும். ஆய்விதழ்த் தொகுப்பான ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கினால், பல கட்டுரைகளை, மாதத்துக்கு 100 வரை, திரையில் படிக்கலாம். தெற்காசியத் திறந்த ஆவணத் தொகுப்பும் அங்கேயே எவருக்கும் திறந்திருக்கிறது. இந்தியாவின் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களும் பணியாற்றுபவர்களும் 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைப் பார்க்க முடியும். கல்லூரி நூலகரிடம் கேட்டால் நுழைவு விவரம் கிடைக்கும். இப்படியொரு வசதி இருப்பது தெரியாத மாணவர்கள் இருப்பார்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் அனுபந்தமாகவும் வெளிவந்த இதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகம் தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. வின்சுலோ, பெப்ரீசியஸ் அகராதிகளும் அங்கே உண்டு. லெக்சிகனில் வினைச்சொற்கள் தல் அல்லது த்தல் ஈற்றோடு தலைச்சொல்லாக வருவதை நினைவில் கொண்டால் தேடல் எளிதாகும்.

படத்திலிருந்து எழுத்து

வருடிய பக்கங்களைத் தேடத்தக்க எழுத்தாக மாற்ற, கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, அதைக் கூகுள் ஆவணமாகத் திறந்தாலே போதும்; தமிழை நன்றாகவே படிக்கிறது. இணையம் இல்லாமல், நிறையப் பக்கங்களை ஒரே மூச்சில் மாற்ற வேண்டியவர்கள் டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளை அதன் தமிழ்த் தரவோடு நிறுவிக்கொள்ளலாம். இரண்டும் எங்கே சறுக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை கொம்புவைத்த ஒற்றை வடிவிலும், ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவிலும் இருக்கும். அவற்றை மென்பொருள் வேறெழுத்தாகப் படிக்கக்கூடும். ரகரமும் துணைக்காலும் ஒன்றுக்கொன்று மாறும். இரண்டு பத்தியாக அச்சான பக்கங்களில் வரிகள் கலந்துவிடும். அபிதான சிந்தாமணி அப்படிப்பட்டதுதான். அத்தகைய பக்கத்தை நெடுக்காக இரண்டாக வெட்டிய பிறகு மாற்றுவது மெய்ப்பு வேலையைப் பாதியாக்கும்.

கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்தால் அது பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் இருக்கிறது என்று பொருள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டால் ஒருங்குறிக்கு வந்துவிடும்.

உரிமை, சேமிப்பு, மேற்கோள்

இந்தியாவில் ஒரு நூலின் காப்புரிமை, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். 1964இல் மறைந்தவரின் எழுத்துகள் 2025 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. இலங்கையில் அது 70 ஆண்டு. மொழிபெயர்ப்புக்கும் உரைக்கும் தனி உரிமை உண்டு என்பதால், மூலம் பழையது என்ற காரணத்தால் உரையையும் எடுத்துப் போட முடியாது. தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு வழி நாட்டுடைமை. 1949இல் பாரதியின் எழுத்துகளுக்குத் தொடங்கி, பல ஆசிரியர்களின் உரிமையை அரசு விலைகொடுத்து வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. நாட்டுடைமையான நூல்களை ஏற்றி மெய்ப்பு பார்க்கும் பணி தமிழ் விக்கிமூலத்தில் நடக்கிறது. அங்கே படமும் எழுத்தும் அருகருகே இருப்பதால் ஐயம் வந்தால் உடனே ஒப்பிடலாம். உயிரோடிருக்கும் எழுத்தாளர்களின் நூல்களை அள்ளிவிடும் டெலிகிராம் குழுக்களை எந்த நூலகரும் பரிந்துரைக்க மாட்டார்.

கிடைத்ததை இறக்கி வைத்துக்கொள்வது அவசியம். பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது அதன் இணையப் பட்டியலே மாதக்கணக்கில் முடங்கியது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2024 அக்டோபரில் அதே போன்ற தாக்குதலால் சில நாள் மூடிக்கிடந்தது. பதிப்பகங்கள் தொடுத்த வழக்கின் விளைவாக அதன் இரவல் பகுதியிலிருந்து ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் நீக்கப்பட்டன. வலைப்பக்கம் ஒன்றை மேற்கோள் காட்டப்போகிறீர்கள் என்றால், வலைப்பக்கங்களின் படிகளைக் காத்துவைக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்து, அந்த முகவரியையும் குறித்துக்கொள்வது நல்லது.

குறிப்புகளை ஒழுங்குபடுத்த ஜோட்டெரோ போதும். 2006 முதல் கிடைக்கும் இந்தக் கட்டற்ற மென்பொருள், உலாவியில் ஒரு சொடுக்கில் நூல் விவரத்தை எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பெயர்கள்தாம் அதில் இடறும். குடும்பப்பெயர், முன்பெயர் என்று இரண்டு கட்டங்களை அது எதிர்பார்ப்பதால், பெயரைத் தவறான இடத்தில் பிரித்துவிடக்கூடும். பெயருக்கு அருகில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்றி, சிங்காரவேலு முதலியார், ஆ. என்று முழுதாக இட்டால் அகரவரிசையும் சரியாக வரும்.

நூலகருக்கு எழுதும்போது

இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்காத நூலுக்கு நூலகரிடமே கேட்க வேண்டும். ஆராய்ச்சி நூலகங்கள் மின்னஞ்சலில் வரும் கேள்விகளுக்குப் பதில் தருவது வழக்கம். எனக்கு இந்த நூல் வேண்டும் என்ற ஒற்றை வரியைவிட, பட்டியலில் கண்ட தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, நூலகத்தின் அழைப்பெண் (அடுக்கில் நூல் இருக்குமிடத்தைக் காட்டும் எண்), எந்தப் பக்கங்கள் வேண்டும், எதற்காக, ஏற்கெனவே எங்கெங்கே தேடினீர்கள் என்பவற்றை ஐந்தாறு வரிகளில் எழுதுவது வேலையை விரைவாக்கும். முழு நூலின் படி கேட்டால் காப்புரிமையும் கட்டணமும் குறுக்கே வரும். ஓர் இயலோ சில பக்கங்களோ என்றால் எளிது. படி வந்து சேர்ந்ததும் அன்றே பக்கவரிசையைச் சரிபார்த்து, விடுபட்டவை இருந்தால் பக்க எண்ணோடு உடனே தெரிவித்துவிடுங்கள். நூல் அடுக்குக்குத் திரும்பும் முன்பு அந்தப் பக்கத்தை எடுத்துத் தருவது அவர்களுக்குச் சில நிமிட வேலைதான், அடுக்குக்குப் போய்விட்டால் விண்ணப்பத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.